மாட்டுங்கா முதல் சீத்தா கேம்ப் வரை

ஊரிலிருந்து முதன்முறையாக மும்பைக்கு வரும் உறவினர்க்கு நாம் காட்டும் இடங்கள் பெரும்பாலும் மாறுவதில்லை. இந்திய வாயிலையும் மெரின் டிரைவையும் காட்டுவோம். மாட்டுங்காவில் இலை போட்டு உணவளிப்போம். செம்பூர் சேடா நகர் முருகன் கோயிலின் படிகளில் ஏற்றி இறக்குவோம். பின்னர் இரயிலேற்றி அனுப்பிவிடுவோம். தாராவியைத் தாமாகக் கேட்பவர்க்கே காட்டுகிறோம். ‘நாயகன்’ (1987), ‘காலா’ (2018) ஆகிய படங்களைப் பார்த்துவிட்டுக் கேட்பவர்களே அவர்களுள் மிகுதி.

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் ஆகிய மூன்றையும் ஒரே நாளில், ஒன்றன்பின் ஒன்றாக நடந்து பார்க்கவேண்டும் என்னும் எண்ணம் எங்களுக்கு நெடுநாளாக உண்டு. மூன்றும் நம்மவர் குடியேறிய இடங்கள். ஒரே மொழி பேசிக்கொண்டு, ஏறத்தாழ ஒரே காலத்தில், ஒரே நகரை நாடி வந்த குடும்பங்களில் சில தழைத்ததும் சில தவித்ததும் எதனால்? ‘உழைத்தவன் உயர்ந்தான்’ என்று ஒரு வாக்கியத்தில் விடை சொல்லிவிடலாம். ஆனால் தாராவியில் உழைக்காதவன் எவன்? அங்கே விடியற்காலை இரண்டு மணிக்கு எரியும் விளக்குகளைப் பார்த்தவர்கள் அவ்விடையை மறுமுறை சொல்லமாட்டார்கள்.

முதலில் மாட்டுங்கா. நிலையத்தின் கிழக்குப் புறத்தில் இறங்கினால் மல்லிகையும் மரிக்கொழுந்தும் மணக்கின்றன. வாழைப்பூ, சேனை, முருங்கை, நல்ல காப்பித்தூள் எதற்கும் குறைவில்லை. கடைக்காரர் தமிழரல்லராயினும் தேங்காயைத் தட்டிக்காட்டித் தமிழிலேயே விலை சொல்லுகிறார். அகன்ற தெருக்கள், இருபுறமும் மரங்கள், சிறிது நடந்தால் ஐந்து தோட்டங்கள். இவ்வளவு அழகாக இது தானே அமைந்துவிடவில்லை. 1896ஆம் ஆண்டு பம்பாயைப் பிளேக் என்னும் கொள்ளைநோய் தாக்கியது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமே நோய் பரவக் காரணம் என்று கருதிய அன்றைய அரசாங்கம், 1898இல் நகர மேம்பாட்டு டிரஸ்டு ஒன்றை அமைத்தது. தாதர், மாட்டுங்கா, சயான் பகுதிகளில் இருந்த வயல்களும் சதுப்பு நிலமும் அந்த டிரஸ்டின் திட்டத்தால் தெருக்களும் மனைகளும் ஆயின. நம்மவர் வந்து சேர்வதற்கு முன்னரே சாக்கடை கட்டப்பட்டிருந்தது. ஒரு குடும்பத்தின் உடல்நலத்தை இதைவிடக் காக்கும் செயல் வேறில்லை என்பது எங்கள் கருத்து.

இங்கே குடியேறிய தமிழர் பெரும்பாலும் இரயில்வேயிலும் வங்கிகளிலும் வணிகக் குழுமங்களிலும் எழுத்தராகவும் சுருக்கெழுத்தாளராகவும் அமர்ந்தவர்கள். தகரப் பெட்டியில் இரண்டு வேட்டி, பள்ளியிறுதிச் சான்றிதழ், தட்டச்சுத் தேர்வுச் சான்றிதழ், முன்பே வந்திருந்த அத்தான் ஒருவரின் முகவரி ஆகியவற்றுடன் வந்தார்கள். அந்தச் சான்றிதழ்களைப் பெறும் வாய்ப்பு அக்காலத்தில் எல்லாச் சாதியார்க்கும் கிட்டவில்லை என்பதையும் இங்கேயே சொல்லிவிடவேண்டும். தனியாக வந்த இளைஞர்க்கு உண்ண விடுதிகள் எழுந்தன. 1942இல் தொடங்கிய ராம நாயக் அவர்களின் உடுப்பி போர்டிங் இன்றும் நடைபெறுகிறது. பிள்ளைகள் பிறந்தபோது பள்ளி காத்திருந்தது. தென்னிந்தியக் கல்விச் சங்கம் 1932இலேயே தொடங்கப்பட்டுவிட்டது.

ஆயினும் மாட்டுங்காவை உண்மையில் தாங்கிய தூண் ஒன்று உண்டு. அதை எவரும் விருந்தாளிக்குக் காட்டுவதில்லை. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தைத்தான் சொல்லுகிறோம். 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையையே அச்சட்டம் அளவாகக் கொண்டது. சம்பளம் ஆண்டுதோறும் ஏறியது, குடிக்கூலி ஏறவில்லை. மிச்சப்பட்ட பணம் பெண்ணின் கல்லூரிக் கட்டணமாகவும், தங்கையின் திருமணமாகவும், ஊரில் இருந்த பெற்றோர்க்கு மணியார்டராகவும் மாறியது. நாங்கள் ஏறிப்பார்த்த பழைய கட்டடம் ஒன்றில் மூன்றாம் தலைமுறையினர் வாழ்கின்றனர். அவர்கள் செலுத்தும் மாத வாடகை மின்சாரக் கட்டணத்தைவிடக் குறைவு. மாடிப்படியின் கைப்பிடி ஆடுகிறது, சுவர் ஈரம் கசிகிறது. வருமானம் வராத வீட்டைச் செப்பனிட உரிமையாளர் முன்வருவாரா? அதனால் 1969ஆம் ஆண்டில் பழுதுபார்ப்புக்கென்று ஒரு வாரியத்தையே சட்டமியற்றி அமைக்க நேர்ந்தது. சட்டத்தின் நிழலில் முதலில் வந்தவர்க்கு இடம் கிடைத்தது. பின்னால் வந்தவர்கள் ‘பகடி’ என்னும் பெருந்தொகை கொடுக்க இயலாமல் இரயிலேறிச் செம்பூருக்கும் அதற்கு அப்பாலும் சென்றார்கள்.

மாட்டுங்கா என்னும் பெயர் தண்டவாளத்தின் இருபுறமும் வழங்குகிறது என்பது நம்மவர் பலருக்கே தெரியாது. மேற்கே கடந்து சிறிது நடந்தால் மாட்டுங்கா லேபர் கேம்ப். அதைத் தொட்டுக்கொண்டு தாராவி. கால்மணிக்கும் அரைமணிக்கும் இடைப்பட்ட நடைதான். மீனவரின் கோலிவாடாவும், சௌராஷ்டிரத்துக் குயவரின் கும்பர்வாடாவும் பழைமையானவை. நம்மவர் திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தார்கள். முஸ்லிம் அன்பர்களும் ஆதிதிராவிடப் பெருமக்களும் தோல் பதனிடும் தொழிலுடன் வந்தார்கள். தமிழ் முஸ்லிம்கள் எழுப்பிய பெரிய பள்ளிவாசல் 1887ஆம் ஆண்டினது. மேம்பாட்டு டிரஸ்டு தோன்றுவதற்கும் முந்தியது அது என்பதை வாசகர் நோக்கவேண்டும். ஆக, தாராவித் தமிழர் பின்னால் வந்தவர் அல்லர். நாற்றமெடுக்கும் தொழில் என்று நகரின் எல்லைக்குத் தள்ளப்பட்ட தொழிலில் இருந்தவர்கள். திட்டம் அவர்களுக்காகத் தீட்டப்படவில்லை. பின்பு நகரம் வளர்ந்து எல்லையே நடுவாயிற்று. இன்று தாராவியின் பக்கத்தில் பாந்திரா-குர்லா வளாகத்தின் கண்ணாடி மாளிகைகள் நிற்கின்றன. ஆட்டுத்தொட்டி 1971இல் பாந்திராவிலிருந்து தேவனாருக்குப் போனபின் பதனிடும் வேலை தேய்ந்தது. இப்பொழுது பையும் வாரும் தைக்கும் வேலையே மிகுதி.

ஒரு வீட்டிற்குள் போவோம். கீழே பத்தடிக்குப் பதினைந்தடி அறை. அதற்குள்ளேயே சமையல், தண்ணீர்த் தொட்டி, பூசைப் படம். வெளியே, தெருவை ஒட்டி, இரும்பு ஏணி ஒன்று மாடிக்குச் செல்கிறது. அந்த ஏணிதான் குடும்பத்தின் வரலாறு. மூத்த மகனுக்குப் பெண் பார்த்தவுடன் மாடி எழும்பும். திருமண அழைப்பு அச்சாவதற்கு முன்பே தகரக் கூரையும் போட்டாகிவிடும். மருமகள் மாடியிலிருந்து இறங்கி வேலைக்குப் போகிறாள். குழந்தை இறங்கிப் பாட்டியிடம் வருகிறது. இரவில் எல்லோரும் கீழே உண்டுவிட்டு ஏறிப்போகிறார்கள். ஊரில் முற்றத்தைச் சுற்றி இருந்த கூட்டுக்குடும்பம் இங்கே ஏணியைச் சுற்றி இருக்கிறது. மாதச் சம்பளமோ ஓய்வூதியமோ இல்லாத வீட்டில் நோய்க்கும் முதுமைக்கும் இதுவே காப்புநிதி.

அரசாங்கம் இக்குடும்பத்தை எண்ணுவதில்லை; கூரையை எண்ணுகிறது; கூரை எந்த நாளில் போடப்பட்டது என்று கேட்கிறது. குடிசைப் பகுதிகளுக்கான மகாராஷ்டிரச் சட்டம் 1971இல் வந்தது. 1976 ஜனவரியில் நகர முழுவதும் குடிசைகளைக் கணக்கெடுத்துப் படத்துடன் கூடிய அட்டை கொடுத்தார்கள். அன்று முதல் அட்டையே அடைக்கலம். பின்னர் அந்த வரம்புநாள் 1980 என்றும், 1985 என்றும், 1995 என்றும், 2000 என்றும், 2011 என்றும் நகர்ந்துகொண்டே வந்தது. தேர்தல்களுக்கும் இவ்வாண்டுகளுக்கும் உள்ள நெருக்கத்தை ஆராய்வது எங்கள் வேலையன்று. வாசகர் விரும்பினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

அட்டையில்லாக் குடும்பத்துக்கு நேர்வது என்ன என்பதை உச்ச நீதிமன்றத்தின் ஏடுகளிலேயே படிக்கலாம். பத்திரிகையாளர் ஓல்கா டெல்லிஸ் பெயரால் வழங்கும் வழக்கில், சேலத்திலிருந்து 1961இல் பம்பாய்க்கு வந்த தமிழர் ஒருவரும் மனுதாரர். நிலமில்லாக் கூலியாள், பஞ்சம் வேலையைப் பறித்தது. தஹிசரில் ஓர் இரசாயனத் தொழிற்சாலையில் நாளொன்றுக்கு 23 ரூபாய்க் கூலி. நெடுஞ்சாலை நடைபாதையில் பிளாஸ்டிக்கும் கித்தானும் கொண்டு மூடிய இடத்துக்கு 2,500 ரூபாயை ஒரு குடிசைத் தாதா பறித்துக்கொண்டான். அதனுள் மனைவியும், 16, 13, 5 வயதுள்ள மூன்று பெண்களும். 1981 ஜூலை 23 அன்று அதைப் பிடுங்கி எறிந்து, குடும்பத்தையே சேலத்துக்குப் பேருந்தில் ஏற்றினார்கள். மனைவியும் மக்களும் சேலத்தில் தங்கினார்கள். அவர் மட்டும் வேலை தேடித் திரும்பி வந்து மீண்டும் ஒரு நடைபாதையில் ஒதுங்கினார். பிழைப்புக்கான உரிமை உயிர்வாழும் உரிமையின் பகுதியே என்று 1985 ஜூலை 10 அன்று நீதிமன்றம் கூறியது. நாடெங்கும் போற்றப்படும் தீர்ப்பு. ஆனால் நடைபாதையில் குடியிருக்கும் உரிமையை அது தரவில்லை. மாற்றிடம் தரவேண்டும் என்றது 1976ஆம் ஆண்டின் கணக்கெடுப்பு அட்டை உள்ளவர்களுக்குத்தான்.

பிள்ளைகளின் கல்வியிலும் இதே கதை உண்டு. நகராண்மைக் கழகம் தமிழ்வழிப் பள்ளிகளையும் நடத்துகிறது. அதற்கு நாம் நன்றியுடையோம். ஆனால் கல்லூரி வாசலில் சாதிச் சான்றிதழ் கேட்கும்போது, தாழ்த்தப்பட்டோர் பட்டியலில் உரிமை பெற வேண்டிய நம் பிள்ளைகள் திகைத்து நிற்கிறார்கள். ஆந்திரத்தில் பிறந்து, தந்தையின் அலுவல் காரணமாக ஒன்பது வயதில் பம்பாய்க்கு வந்த பழங்குடி மாணவர் ஒருவர், இங்கே மருத்துவக் கல்லூரியில் தம் உரிமையைக் கேட்டார். ஒரு மாநிலத்துப் பட்டியலின் உரிமை மற்றொரு மாநிலத்துக்குக் கூட வாராது என்று 1990இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தாழ்த்தப்பட்டோர்க்கு 1950 ஆகஸ்டு 10 அன்று குடும்பம் எங்கே நிலையாக வாழ்ந்தது என்பதே அளவுகோல். தாத்தா அதற்குச் சில ஆண்டுகள் கழித்து இரயிலேறியிருந்தால், இங்கேயே பிறந்து இங்கேயே வளர்ந்த பேரனுக்கு இங்கே அவ்வுரிமை இல்லை. ஊருக்குப் போனாலோ, அவன் அங்கே படித்தவனல்லன். தீண்டாமை மட்டும் மாநில எல்லையில் இறங்கிக்கொள்ளவில்லை.

தாராவிக்கு இப்பொழுது புதிய திட்டம் வந்திருக்கிறது. 2022 நவம்பரில் 5,069 கோடி ரூபாய்க்கு ஏலம் கேட்ட அதானி குழுமம், மாநில அரசுடன் சேர்ந்த கூட்டு நிறுவனத்தின் வாயிலாக ஏறத்தாழ 600 ஏக்கர்ப் பகுதியைப் புதுப்பிக்க முனைந்துள்ளது. வீடுதோறும் கணக்கெடுப்பு 2024 மார்ச்சில் தொடங்கியது. விதிகள் இவை: 2000ஆம் ஆண்டு பிறப்பதற்கு முன்பே தரைத்தளத்தில் இருந்தவர்க்குத் தாராவியிலேயே 350 சதுர அடி வீடு, விலையின்றி. அதன்பின் 2011 தொடங்கும்வரை வந்தவர்க்கு வேறிடத்தில் 300 சதுர அடி, இரண்டரை இலட்ச ரூபாய்க்கு. அதற்கும் பின் வந்தவர்க்கும், 2022 நவம்பர் 15க்கு முன் மாடியில் வாழ்ந்தவர்க்கும் தாராவிக்கு வெளியே வாடகைக் குடியிருப்பு. பின்னாளில் தவணையில் வாங்கிக்கொள்ளலாம்.

இத்திட்டத்தை முற்றும் பழிப்பது எங்கள் நோக்கமன்று. பொதுக் கழிப்பறை வாசலில் ஐம்பது ஆண்டுகள் வரிசையில் நின்ற தாய்மார்க்கு, தாழிட்டுக்கொள்ளத்தக்க சொந்தக் கழிப்பறை எத்தகைய விடுதலை என்பதை மாட்டுங்காவில் உட்கார்ந்துகொண்டு அளக்க இயலாது. இருபதாம் மாடியில் நோய் குறையவும் கூடும். ஆனால் அந்த ஏணியை நினைத்துப் பாருங்கள். கீழே தந்தை தகுதியுடையவர். அவர் தலைக்குமேல் உறங்கும் மகன் தகுதியில்லாதவன். தந்தை தாராவியில், மகன் வேறிடத்தில், பேரக்குழந்தை யாருடன்? மாமியாரிடம் விட்டுவிட்டு வேலைக்குப் போகும் மருமகள் இனிப் போவாளா? மாடியில் மாவரைத்துக் கீழே வேகவைத்து, விடியுமுன் மிதிவண்டியில் இட்டிலி விற்கப் புறப்படும் தம்பியர் பலர் தாராவியில் உண்டு. இத்தொழிலை எந்தப் பிரிவில் சேர்ப்பது? குடும்பத்தை ஓர் அலகாகக் கொண்டு, தந்தைக்கும் மகனுக்கும் அருகருகே இடம் கொடுப்பது பொறியியலுக்கு அரிய செயலன்று.

கொரோனாக் காலத்தை இங்கே நினைவூட்ட விரும்புகிறோம். 2020 ஏப்ரல் முதல் நாள் தாராவியில் முதல் நோயாளி அறியப்பட்டார். நகரமே அழிந்துவிடும் என்று அஞ்சியவர் பலர். நகராண்மைக் கழகத்தாரும், அங்கேயே தொழில் நடத்தும் மருத்துவர்களும் வீடுவீடாகத் தேடிச் சென்றார்கள். பள்ளிகளையும் மண்டபங்களையும் தனிமை முகாம்களாக்கி உணவும் மருந்தும் கொடுத்தார்கள். ஜூலை 10 அன்று உலகச் சுகாதார நிறுவனத்தின் தலைவரே தாராவியை எடுத்துக்காட்டாகச் சொன்னார். காய்ச்சல் பார்க்க வந்தவர்கள் ‘நீ எந்த ஆண்டு வந்தாய், கீழா மேலா?’ என்று கேட்டுவிட்டு மருந்து கொடுக்கவில்லை.

பிற்பகலில் கிங்ஸ் சர்க்கிளில் ஹார்பர் வண்டி பிடித்து, வடாலாவில் மாறி, செம்பூர் சேர்ந்தோம். மாட்டுங்காவில் இடம் போதாமற்போன குடும்பங்களின் இரண்டாம் வீடு இது. கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்துச் சொந்தமாகக் கட்டிக்கொண்டார்கள்; கோயில்களும் கல்லூரியும் கச்சேரி மண்டபங்களும் உடன் வந்தன. இதைப் பற்றி நம் வாசகர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை. நாங்கள் அதற்கும் கிழக்கே போனோம். கோவண்டி, மான்கூர்டு, டிராம்பே ஆகியவை அடங்கிய எம்-கிழக்கு வட்டத்தை, 2009ஆம் ஆண்டுக்குரிய மும்பை மனிதவள மேம்பாட்டு அறிக்கை எல்லா வட்டங்களுக்கும் கடைசியில் வைத்தது. நகரம் வேண்டாமென்று கழித்ததெல்லாம் இங்கேதான் வந்தது: ஆட்டுத்தொட்டி, தேவனார்க் குப்பைமேடு, பிற இடங்களில் இடிக்கப்பட்ட குடிசைகளின் மக்கள்.

டிராம்பேயில் ஜனதா காலனி என்று ஒன்று இருந்தது. ஏறத்தாழ 70,000 பேர் வாழ்ந்த இடம், தமிழர் மிகுதி. கோலார் தங்கவயலில் பிறந்து, குடும்பம் வறுமையுற்றதால் படிப்பை விட்டு, 1960களின் தொடக்கத்தில் வந்து சேர்ந்த தச்சுத் தொழிலாளி ஜாக்கின் அற்புதம் அங்கே தலையெடுத்தார். குப்பையை அள்ள நகராண்மைக் கழகத்தார் வாராதபோது, ஏறத்தாழ 3,000 சிறுவரைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலம் குப்பையைத் தூக்கிச் சென்று அலுவலக வாசலில் வைக்கச் செய்தார். குப்பை வண்டி பிறகு வரத் தொடங்கியது. ஆனால் பாபா அணு ஆராய்ச்சி மையத்துக்கு அந்நிலம் வேண்டியிருந்தது. அற்புதம் நீதிமன்றம் ஏறினார். டில்லிக்குப் போய் நாடாளுமன்றத்தின் முன் அமர்ந்தார். நெருக்கடி நிலை வந்தபின் எதுவும் பலிக்கவில்லை. 1976 மே மாதத்தில், குடிசைக் கணக்கெடுப்பு முடிந்து நான்கே மாதங்களில், காலனி தரைமட்டமாயிற்று. கடலோரச் சதுப்பில், குடும்பத்துக்குப் பத்தடிக்குப் பதினைந்தடி மனை அளந்து கொடுத்தார்கள். அதுவே சீத்தா கேம்ப். அற்புதம் பின்னர்த் தேசியக் குடிசைவாழ்வோர் கூட்டமைப்பை நடத்தி, 2000இல் மகசேசே விருதும் 2011இல் பத்மஸ்ரீயும் பெற்று, 2018 அக்டோபரில் மறைந்தார். தம்மை அரசாங்கம் எண்ணும்வரை காத்திராமல், மக்கள் தாமே தம்மை எண்ணிக்கொள்ளவேண்டும் என்பது அவர் முறை. 1985இல் அவ்வாறே நடைபாதைவாழ் மக்களின் கணக்கு ஒன்றும் எடுக்கப்பட்டது.

சீத்தா கேம்பின் தெருக்கள் நேராக இருக்கின்றன. கோடு போட்டுக் கொடுத்த மனைகளின்மேல் மக்கள் தாமே சுவரெழுப்பினார்கள். இரண்டு மாடி, மூன்று மாடி ஆயின. இங்கும் ஏணிகள் உண்டு. வயதான ஒருவர் எங்களுக்குத் தேநீர் வரவழைத்து, தம் 1976ஆம் ஆண்டு மனைச் சீட்டைக் காட்டினார். நான்காக மடித்து, பிளாஸ்டிக் உறையிலிட்டு, அதன்மேல் மஞ்சள் துணி சுற்றி வைத்திருந்தார். திருமாங்கல்யத்துக்கும் அவ்வளவு காப்பு இல்லை என்று அவர் மனைவியார் சிரித்தார். ஒவ்வொரு வீட்டிலும் பழைய குடும்ப அட்டை, மின்கட்டணச் சீட்டு, வாக்காளர் பட்டியலின் நகல், பள்ளி விடுப்புச் சான்றிதழ் ஆகியவற்றை இவ்வாறே வைத்திருக்க வேண்டுகிறோம். தாராவி அன்பர்கள், மாடியில் வாழும் மக்களின் பெயரில் உள்ள சீட்டுகளையும் தனியே எடுத்து வைப்பது நல்லது.

அவ்வீட்டு மருமகளின் உடன்பிறந்தாள் தாராவியில் மாடிவீட்டில் இருக்கிறாள், இட்டிலி வியாபாரம். தாராவியில் தகுதியில்லை என்று குறிக்கப்படுவோர்க்கென 2024இல் ஒதுக்கப்பட்ட நிலங்களுள் தேவனார்க் குப்பைமேட்டின் 124 ஏக்கரும் ஒன்று என்பதை அந்தப் பெண் அறிந்திருந்தாள். நாங்கள் சங்கத்திலிருந்து வந்தவர்கள் என்றவுடன் அவள் கேட்டது இதைத்தான்: “ஐயா, தேவனாரிலேயிருந்து விடியக்காலம் நாலு மணிக்குத் தாராவிக்கு வண்டி உண்டா?” அட்டவணையைப் பார்த்து எழுதுகிறோம் என்று சொல்லி, அவள் முகவரியைக் குறித்துக்கொண்டு வந்தோம்.